காலனி விலக்கில் ஏறிய ஏழு பேர்

9 ஜனவரி 2006, திங்கள்

முழங்கால் வலி சற்றுக் குறைவு. மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கினேன். பால் மட்டும் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. கணினி முன்னால் உட்கார்ந்தால் எனக்கு மூக்கு வேலை செய்வதில்லை.

என் இணையப் பக்கத்தின் விருந்தினர் ஏட்டில் இன்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, ஆங்கில எழுத்தில் தமிழாக: "டீச்சர், எம் பொண்ணு பஸ் விளையாட்டை மூடுனாத்தான் சாப்பிடவே வாரா. வீட்டுக்கு வர்ற ஆளுங்களையும் ஏறுனவங்க, இறங்குனவங்கன்னு எண்ணுறா." சிரித்தேன். வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டால் விடை பூஜ்யம், கடைசி நிறுத்தத்திலும் அதுதான் விடை என்று பதில் எழுதினேன்.

பக்கம் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. பள்ளியில் கணினி அறையைப் புதுப்பித்தபோது பழைய ஃபிளாப்பிகளை எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கிவந்தேன். நாற்பது இருந்தன. பூஞ்சை துடைத்து ஓடவிட்டதில் ஓடியவை ஐந்து. ஐந்தும் தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் செய்த கணக்கு விளையாட்டுகள், பஸ் விளையாட்டு அதில் ஒன்று. இணையத்தில் ஏற்றி, பழைய நிரலைப் புதுக் கணினியில் ஓட்டுவது எப்படி என்று படிப்படியாக எழுதிவைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காசில்லை.

ஓய்வு பெற்ற நான்கு வருடத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

11 ஜனவரி, புதன்

பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். சென்னையிலிருந்து. வாழ்க்கையில் முதல் முறை.

அறிவுச்சிகரம் மல்டிமீடியா என்று ஒரு நிறுவனம். அந்த ஐந்து விளையாட்டுகளும் அவர்களுடையவையாம். தல்லாகுளத்தில் இருந்த கணினிப் பயிற்சி மையம் மூடியபோது அதன் சரக்குகளையும் உரிமைகளையும் சேர்த்து வாங்கிவிட்டார்களாம். எல்லாவற்றையும் குறுந்தகடாகக் கொண்டுவரப் போகிறார்களாம். நான் அனுமதி இல்லாமல் பிரதி எடுத்து உலகம் முழுதும் விநியோகம் செய்கிறேனாம். பதினைந்து நாளில் நீக்காவிட்டால் வழக்கு.

விநியோகம். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடைப் பலகையில்தான் அதைப் பார்த்த ஞாபகம்.

என் கணவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு முறை படித்தார். "முப்பத்தாறு வருஷமா காப்பி அடிச்ச பிள்ளைங்களப் பிடிச்ச. இப்ப உன்னயப் பிடிச்சுட்டாங்க." வீட்டில் நாங்கள் எங்கள் சௌராஷ்டிர பாஷையில்தான் பேசுவோம். இதை மட்டும் தமிழில் சொன்னார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று.

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் நோட்டீஸை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சிறிது நேரம் கழித்துக் கேட்டார், "வீடு உம் பேர்லதான இருக்கு?"

14 ஜனவரி, சனி. பொங்கல்

நோட்டீஸ் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் வைக்கவில்லை. அவராகத்தான் இருக்கும்.

17 ஜனவரி, செவ்வாய்

தல்லாகுளம் போய்வந்தேன். விளாங்குடியிலிருந்து ஒரே பஸ்தான், ஆனாலும் இறங்கும்போது முழங்கால் என் சொல் கேட்கவில்லை.

வித்யாஸ்ரீ என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவள். இப்போது வக்கீல். அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில். நான் நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய கட்சிக்காரர் ஒருவரும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

நோட்டீஸை எடுத்துவர மறந்துவிட்டேன், அதில் இருந்ததை வாயால் சொன்னேன். "விக்கலையேம்மா நான்" என்றேன்.

"வித்தாலும் சும்மா குடுத்தாலும் ஒண்ணுதான் டீச்சர். நீங்க வச்சிருக்கிறது தப்பில்ல. கெட்டுப்போயிருமேன்னு ஒரு காப்பி எடுத்து வைக்கிறதும் தப்பில்ல, சட்டமே விடுது. ஊருக்கெல்லாம் குடுத்தீங்க பாருங்க, அதுதான்."

"எந்தக் கடையிலயும் இப்பக் கிடைக்காது."

"அப்பவும்."

"செஞ்ச மையத்தையே மூடியாச்சு."

"அப்பவும்தான் டீச்சர். கடைய மூடலாம், உரிமை மூடாது. யார் கையிலயாவது இருந்துக்கிட்டே இருக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"அறுபது வருஷம். ஒரு ஆள் எழுதினதுன்னா, அவர் செத்ததுக்கப்பறம் அறுபது."

புத்தகத்தை வைத்து எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். நான் வாங்கிய புத்தகத்தை இரவல் தரலாம். கிழிந்துவிடும் என்று அட்டை போடலாம். நூறு ஜெராக்ஸ் எடுத்து வாசலில் அடுக்கி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைக்கக் கூடாது. சரி, புரிகிறது. ஆனால் அச்சடித்தவர் கடையைக் கட்டி, எழுதியவர் மறந்து, ஊரிலேயே அந்த ஒரு பிரதிதான் என்றால்? வித்யாஸ்ரீ சொன்னாள்: "நியாயமான கேள்வி டீச்சர். ஆனா சிலபஸ்ல இல்ல." என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வழி சொன்னாள். ஐந்தில் நான்கு, பயிற்சி மையம் செய்து பள்ளிக்கு விற்றவை. அவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பஸ் விளையாட்டு என் பழைய மாணவன் பீமாராவ் தனியாக எழுதியது. பட்டம் முடித்து வேலை இல்லாமல் இருந்த நாட்களில், தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கில், மாலையில் எங்கள் பள்ளிக் கணினியில் உட்கார்ந்து எழுதினான். அறைச் சாவி என்னிடம் இருந்தது. பிறகுதான் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தான், விளையாட்டும் கூடவே போனது. வேலைக்குச் சேரும் முன் எழுதியது, உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டு யாருக்கும் கொடுக்கவில்லை என்றால், அது இன்னும் அவனுடையது.

"அவர் அப்ப ஸ்கூல்ல விட்டுட்டுப் போன டிஸ்க் உங்ககிட்ட இருக்கில்ல? அதுல தேதி இருக்கும், அவர் எழுதின குறிப்பு இருக்கும். போதும்."

கைப்பையின் வாரைச் சரிசெய்தேன்.

"டீச்சர்?"

"தூக்கிப் போட்டுட்டேன்மா."

18 ஜனவரி, புதன்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் எனக்குப் புரியும்.

என் வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு நோட்டு. ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று. ரஃபில் போட்டு, தப்பைத் திருத்தி, ஃபேரில் சுத்தமாக எழுத வேண்டும். வருடக் கடைசியில் ரஃப் நோட்டு பழைய பேப்பர்காரருக்கு. முப்பத்தாறு வருடம் இதைத்தான் சொன்னேன்.

போன மார்ச்சில் பீமாராவின் ஃபிளாப்பியைத் திறந்தபோதும் அதைத்தான் செய்தேன். நிரலுக்கு நடுவே அவன் தனக்குத்தானே எழுதி வைத்த குறிப்பு வரிகள் நிறைய இருந்தன. தேதி, அன்றைக்கு எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை. ஓரத்தில் போட்ட ரஃப் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்தேன். விளையாட்டில் ஒரு கணக்குப் பிழையும் இருந்தது, அதையும் திருத்தினேன். ஃபேர் காப்பி தயார். பூஞ்சை பிடித்த மூலத்தை இரண்டாக மடக்கிக் குப்பையில் போட்டேன். கையைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இதற்குப் பெயர் பாதுகாத்தல் என்று பக்கத்தின் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கு. பன்னிரண்டு வருடத்தில் நாற்பது ஃபிளாப்பியில் மிஞ்சியவை ஐந்து. எட்டில் ஒன்று. இன்னும் பன்னிரண்டு வருடம் போனால் அந்த ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சாது. உரிமைக்கு ஆயுள் அறுபது. அது முடிந்து, இனி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நாளில் பெட்டியைத் திறந்தால் காலியாக இருக்கும். சட்டம் எழுதியவர்கள் பூஞ்சையைக் கணக்கில் எடுக்கவில்லை. நானும் சிலவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

21 ஜனவரி, சனி

ஒத்தக்கடை. பீமாராவ் அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகப் பணியாளர். சனிக்கிழமை அரை நாள். பழைய ஆசிரியர் ஒருவரிடம் முகவரி வாங்கிப் போனேன். பன்னிரண்டு வருடம் கழித்துப் போகிறேன், அதுவும் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும் என்று. பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு.

அவனுக்குத் தலை முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருக்கிறது. "டீச்சர்! போன் பண்ணிருந்தா நான் வந்திருப்பேன்ல, இந்தக் காலோட எதுக்கு..." என்று வாசலிலிருந்து கைப்பிடித்து அழைத்துப் போனான். அவன் மனைவி செல்லக்கிளி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "எங்க வீட்டுக்காரரு சொல்லுவாக, கணக்கு டீச்சர் சாவி குடுக்கலேன்னா நான் இன்னிக்குச் செங்கச் சூளையிலதான்னு."

அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. விளையாட்டு இணையத்தில் இருப்பதே தெரியாது. நான் கேட்கவே இல்லையே. இத்தனை மாதத்தில் ஒரு முறைகூடத் தோன்றவில்லை. மாணவனின் நோட்டை வாங்கி மற்ற வகுப்புக்குக் காட்டுகிற மாதிரி.

நோட்டீஸைச் சொன்னேன். மையத்தில் ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டானா என்று கேட்டேன். "அட்டெண்டன்ஸ்ல மட்டும்தான் போட்டேன் டீச்சர். அதுலயும் பாதி நாள் லேட்டுன்னு சிவப்புல." சிரித்தான். விளையாட்டைக் குறுந்தகட்டில் கொண்டுபோயிருந்தேன். தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கணினி ஒன்று மூலையில் இருந்தது. ஓட்டினான்.

அவன் புள்ளி புள்ளியாக வரைந்த தமிழ் எழுத்துகள் திரையில் வந்தன. மேலே அவன் பெயர். செல்லக்கிளி அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். "ஆத்தாடி, பேரெல்லாம் போட்டிருக்கு!" மதுரையிலிருந்து மேலூர் போகிற பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இத்தனை பேர் ஏறுவார்கள், இத்தனை பேர் இறங்குவார்கள், உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். அவன் எண்ணைத் தட்டிக்கொண்டே போனான். ஒத்தக்கடை. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது.

கை நின்றது.

"டீச்சர், காலனி விலக்கு வரலையே."

எனக்குப் பெருமைதான் வந்தது. அதை எழுதவே கூசுகிறது. "அதுவா? அது தப்பா இருந்துச்சுப்பா. அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது. மேலூர் பஸ் கண்டக்டர் ஒருத்தர்கிட்டயே கேட்டேன். எடுத்துட்டு, கணக்கைச் சரி பண்ணிட்டேன்."

"கிடையாதுதான் டீச்சர்" என்றான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதனாலதான் வச்சேன்."

மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் காலனிக்குப் பிரிகிற இடமாம் அது. கை காட்டுவார்களாம். பஸ் நிற்காதாம். "அங்கன ஏறுற ஏழு பேரு சும்மா போட்ட நம்பர் இல்ல டீச்சர். அய்யா, ஆத்தா, நான், தங்கச்சி, எங்க சித்தப்பா வெள்ளைத்துரை, சின்னாத்தா, முத்திருளன் தாத்தா. சந்தைக்குப் போக ஒத்தக்கடை வரைக்கும் திரும்பி நடந்து, அங்கதான் ஏறுவோம். விளையாட்டுலயாச்சும் நிக்கட்டுமேன்னு வச்சேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் மெதுவாகக் கேட்டான். "அந்த ஏழு பேர என்ன பண்ணுனீங்க?"

"கடைசில பூஜ்யம் வரணும்ல... பிரிச்சுப் போட்டேன். அடுத்த ஸ்டாப்ல மூணு. ஒத்தக்கடைல நாலு."

"அப்ப இன்னும் நடந்துதான் போயி ஏறிருக்கோம்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கின் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

காபி ஆறிவிட்டது, குடித்தேன். பஸ் ஏற்றிவிட வந்தான், ஒன்றும் பேசவில்லை. செல்லக்கிளிதான் கிளம்பும் முன் வாசலில் என் காதோடு சொன்னாள்: "கோவம் வந்தா இவுக நாலு நாளைக்குப் பேச மாட்டாக. நாலாம் நாளு போன் பண்ணுங்க. மூணாம் நாளு பண்ணிராதீக."

22 ஜனவரி, ஞாயிறு

யார்கிட்ட கேட்டே? கண்டக்டர்கிட்ட. அவன்கிட்ட கேட்டியா? இல்ல. ஏன் கேக்கல?

விடை தெரியும். எழுத முடியவில்லை. தப்பு என்றால் அது மாணவன் பக்கம்தான் இருக்கும் என்று... போதும்.

23 ஜனவரி, திங்கள்

ஐந்து விளையாட்டையும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். நோட்டீஸுக்குப் பயந்து அல்ல. நான்கு, அவர்கள் கேட்கிறார்கள். ஒன்று, அதன் சொந்தக்காரர் அது தன்னுடையதில்லை என்கிற மாதிரி பார்த்தார்.

வித்யாஸ்ரீயிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "டீச்சர், ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. எழுதினவர் பேருக்குக் குறைச்சல் வர்ற மாதிரி அவர் எழுதினத மாத்தினா, தடுக்குறதுக்கு அவருக்குன்னு தனியா ஒரு உரிமை சட்டத்துல இருக்கு. வித்துட்டாலும் போகாத உரிமை. கம்பெனிக்கு உங்க மேல கேஸ் இருக்கோ இல்லையோ, அவருக்கு இருக்கலாம்."

வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு நோட்டீஸா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் பாஷையிலேயே, போய்ப் படு என்றார்.

25 ஜனவரி, புதன்

நான்காம் நாள். போன் செய்தேன்.

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்றான். பிறகு அவனாகவே பேசினான். மையத்தில் இருந்தபோது அவர்கள் அவன் பெயரை எடுத்துவிட்டு மையத்தின் பெயரைப் போட்டு விற்றார்களாம். அன்றைக்கு வருத்தமாக இருந்ததாம், ஆனால் விளையாட்டை யாரும் தொடவில்லையாம். "அவங்க எம் பேர எடுத்தாங்க. நீங்க பேர வச்சுட்டு ஆளுங்கள இறக்கிவிட்டுட்டீங்க. எது பரவால்லன்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்."

"எது?"

"இன்னும் தெரியல டீச்சர்."

வைக்கும் முன் சொன்னான்: "அப்ப எழுத்து வரைஞ்ச கிராப் சீட்டெல்லாம் வீட்ல கெடக்கு. அதுல ஏதாச்சும் இருக்கான்னு பாத்துட்டு ஞாயித்துக்கிழமை வாரேன்."

29 ஜனவரி, ஞாயிறு

இருவரும் வந்தார்கள். ஒரு மஞ்சள் பையில், செய்தித்தாளில் சுற்றி, இருபதுக்கும் மேல் வரைபடத் தாள்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாக நிரப்பி, எந்தக் கட்டம் திரையில் ஒளிர வேண்டும் என்று குறித்த தாள்கள். பள்ளித் தாள்கள்தான், நான் கொடுத்தவை.

"அலமாரிக்கு அடியில போட்டிருந்தேன் டீச்சர்" என்றாள் செல்லக்கிளி. "எண்ணெத் தூக்கு வச்ச எடமெல்லாம் வட்டம் விழுந்திருக்கு, ஒண்ணும் நெனச்சுக்காதீக." என் கணவர் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தாளிச்ச வாசனை இன்னும் போகல" என்றார். அதற்கு அவள், "உங்க நோட்டீஸுல பத்தி வாசனை வருதே, அது எப்புடி?" என்று கேட்டாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தோம். பீமாராவ்கூடச் சிரித்தான்.

தாள்களை ஒன்றொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொன்றின் கீழ் வலது மூலையிலும் சிவப்பு மையில் ஒரு டிக், என் பெயரின் முதலெழுத்துகள், தேதி. எனக்கு நினைவே இல்லை. யார் எதைக் காட்டினாலும் டிக் போட்டுத் தேதி போடுவது என் கை செய்கிற வேலை. மளிகைச் சீட்டில்கூடப் போட்டிருக்கிறேன். 8.1.94. 29.1.94. மையத்தில் அவன் சேர்ந்தது அந்த வருடம் ஜூனில்.

பதினாறாவது தாள். கட்டங்களில் பெரிதாக, கவனமாக, வேறு எந்தப் பெயருக்கும் இல்லாத ஒரு அடிக்கோடுடன்: காலனி விலக்கு. அதன் கீழே என் டிக். மீ.வெ. 12.2.94.

தொண்ணூற்று நான்கில் பார்க்காமல் சரி போட்டேன். இரண்டாயிரத்து ஐந்தில் பார்க்காமல் தப்புப் போட்டேன்.

பீமாராவ் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தான். பிறகு நோட்டீஸைப் படித்தான். நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். வினாத்தாளைக் கடைசிப் பக்கம் வரை திருப்பிப் பாருங்கள் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அவன் திருப்பினான். இணைப்பு மூன்று. மூலத்தை நான் சிதைத்ததற்குச் சான்றாக, அவர்கள் கையிலிருக்கும் விளையாட்டின் திரைகளை வரிசையாக அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லா நிறுத்தங்களும், எண்களோடு. காலனி விலக்கு: ஏறுபவர் 7, இறங்குபவர் 0.

நம்மை மிரட்ட அனுப்பிய தாளில்தான் அந்த ஏழு பேரும் பத்திரமாக இருந்திருக்கிறார்கள், பத்தொன்பது நாளாக, என் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால்.

"இருக்காங்க டீச்சர்" என்றான்.

10 பிப்ரவரி, வெள்ளி

பதில் நோட்டீஸ் போயாயிற்று. வித்யாஸ்ரீ எழுதி, பீமாராவிடம் கையெழுத்து வாங்கி, வரைபடத் தாள்களின் நகலை எண்ணெய் வட்டத்தோடு சேர்த்து அனுப்பினாள். அவன் ஒரு வரி சேர்க்கச் சொன்னான்: எழுதியவர் என்ற முறையில் தங்களிடமுள்ள பிரதியின் ஒரு நகல் எனக்குத் தேவை.

ஃபீஸ் கேட்டேன். "ஒன்பதாம் கிளாஸ்ல நீங்க எனக்குப் போட்ட கிரேஸ் மார்க்குக்குக் கழிச்சுக்கங்க" என்றாள். நான் அப்படிப் போட்டதில்லை. போட்டேனா?

24 பிப்ரவரி, வெள்ளி

பதில் இல்லை. முழங்காலுக்கு எண்ணெய்.

7 மார்ச், செவ்வாய்

பதில் இல்லை. மஸ்கட் மாணவி கேட்டிருக்கிறாள், பக்கம் ஏன் காலி என்று. திருத்த வேலை நடக்கிறது என்று எழுதினேன். பிறகு 'திருத்த' என்பதை அழித்துவிட்டு, வேலை நடக்கிறது என்று மட்டும் விட்டேன்.

20 மார்ச், திங்கள்

வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம். பஸ் விளையாட்டின் மீதான உரிமைக் கோரிக்கையை வற்புறுத்தப் போவதில்லையாம். மற்ற நான்கையும் இனி எந்த வடிவிலும் பகிர மாட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டும். நகல் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை.

"ஜெயிச்சாச்சா?" என்று அவர் கேட்டார்.

ஐந்தில் ஒன்று. நூற்றுக்கு இருபது. என் வகுப்பில் இது தேர்ச்சி இல்லை.

23 மார்ச், வியாழன்

எழுதிக் கொடுத்தேன். நான்கு விளையாட்டுகளையும் ஒரு தகட்டில் பதிந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். வைத்திருக்கலாம், கொடுக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுத் தகட்டுக்கு மாற்ற வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்தேன். எனக்குப் பிறகு யார் மாற்றுவார்கள்? நிறுவனம் குறுந்தகடு போடப் போகிறது என்றார்களே, போட்டால் நல்லது. முதல் ஆளாக வாங்குவேன். நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

பல்லாங்குழி மாதிரி இல்லை இது. அதற்குக் குழியும் சோழியும் போதும், பலகை தொலைந்தால் தரையில் குழி தோண்டிக்கொள்ளலாம். இதை ஒரு முறை தொலைத்தால் தோண்ட இடம் இல்லை.

16 ஏப்ரல், ஞாயிறு

பீமாராவ் வந்தான், மூன்றாவது ஞாயிறாக. இணைப்பு மூன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரலில் அந்த நிறுத்தத்தைத் திரும்பச் சேர்க்கிறான். நான் பிரித்துப்போட்ட மூன்று பேரையும் நான்கு பேரையும் எடுத்துவிட்டு, பழைய எண்கள்.

அந்தக் குறிப்பு வரிகள்? கேட்டேன்.

"அது போச்சு டீச்சர். என்ன எழுதுனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒரு வரி மட்டும் தெரியும். அய்யாவுக்கு மேலுக்கு முடியாம ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு எழுதுனது." என்ன வரி என்று அவன் சொல்லவில்லை. அவன் அப்பா வீரணன் இறந்து எட்டு வருடம் ஆகிறது. நான் அழித்த வரிகளில் அதுவும் ஒன்று.

இதற்கு மறுதேர்வு கிடையாது. மோர் கொடுத்தேன், குடித்தான். "இன்னொரு தம்ளர்" என்று அவனே கேட்டான்.

4 ஜூன், ஞாயிறு

மதியம் பக்கத்தில் ஏற்றிவிட்டோம். முகப்பில் ஒரே விளையாட்டு. ஆக்கியவர் பீமாராவ், அவர் அனுமதியுடன். அதன் கீழே என் பங்குக்கு ஒரு வரி எழுதினேன்: சென்ற ஆண்டு இங்கே இருந்த பதிப்பில் ஒரு நிறுத்தத்தை நான் தவறாக நீக்கியிருந்தேன். "இது எதுக்கு டீச்சர், யாரு பாக்கப் போறா" என்றான். ஃபேர் நோட்டில் அடித்த இடம் தெரிய வேண்டும் என்றேன். இத்தனை வருடம் இதற்கு எதிராகத்தான் சொல்லிவந்தேன்.

அவன் போன பிறகு நானே விளையாடினேன். மாலை வெயில் திரையில் விழுந்து கண் கூசியது, திரைச்சீலையை அவர் இழுத்துவிட்டார். மதுரையில் இருபத்திரண்டு பேர். ஒத்தக்கடையில் ஐந்து பேர் ஏற, எட்டுப் பேர் இறங்கினார்கள். அடுத்ததில் யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.

காலனி விலக்கில் பஸ் நின்றது. ஏழு பேர் ஏறினார்கள். உள்ளே எத்தனை என்று கேட்டது. அவசரம் இல்லை, இதில் நேரக் கணக்குக் கிடையாது. எல்லோரும் ஏறும்வரை பார்த்திருந்துவிட்டு, இருபத்தாறு என்று தட்டினேன்.